நவம்பர் முப்பது வரை

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம், ஒரு நர்ஸம்மா இப்படியா பேசுவாள் என்று யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். பேர் செல்வமேரி, ஊர் வடக்கன்குளம். பூனா பக்கம் ஆகுர்டியில் வண்டி செய்கிற ஒரு கம்பெனியின் டிஸ்பென்சரியில் பத்தொன்பது வருடமாக ஊசி போடுகிறவள். என் வீட்டுக்காரர் சேவியர் அதே கம்பெனியில், வண்டிக்கு வண்ணம் அடிக்கிற பெயின்ட் ஷாப்பில். எங்கள் இரண்டு பேரையும் இந்த ஊருக்குக் கொண்டுவந்தது அந்தக் கம்பெனிதான். அவரைக் கொல்லப் பார்த்ததும் அதேதான். அதில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தில்லியில் டெங்கு வந்து ஆட்களை வாரிக்கொண்டு போனது தொண்ணூற்றாறில். அடுத்த வருடம் எங்கள் மேனேஜ்மென்டுக்கும் உதறல் எடுத்தது. காய்ச்சல் என்று வருகிறவனுக்கு என்ன செய்வது என்று ஒரு முறை வகுத்துக் கொடுங்கள் சிஸ்டர் என்றார்கள். நான் ஆறு வருடத்துப் பழைய ரிஜிஸ்டர்களை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தேன். எந்த மாதத்தில் எத்தனை காய்ச்சல், எதில் மலேரியா, எதில் உடம்பெல்லாம் சிவந்தது, எல்லாம் பார்த்தேன். ஜூனில் ஏறியது, செப்டம்பரில் உச்சிக்குப் போனது, நவம்பர் கடைசியில் துடைத்துவிட்ட மாதிரி நின்றது. ஆறு வருடமும் அப்படியே.

அதனால் இப்படி எழுதிக் கொடுத்தேன். ஜூன் முதல் நவம்பர் முப்பது வரை: காய்ச்சல் என்றால் ரத்தம் எடு, வீட்டுக்கு அனுப்பு, பாராசிட்டமால் மட்டும் கொடு, வலி ஊசி போடாதே. டிசம்பர் முதல் மே வரை: வலி ஊசி போடு, அரை மணி நேரம் படுக்க வை, வேலைக்கு அனுப்பு.

டெங்குவில் வலி ஊசி போட்டால் எங்கேயாவது ரத்தம் கசிய ஆரம்பித்துவிடும். அதற்குத்தான் அந்த ஆறு மாதத் தடை. மற்ற ஆறு மாதம் கொசுவே இல்லையே, பிறகென்ன என்று நினைத்தேன்.

அன்றைக்கு அது பொய்யில்லை. டிசம்பரில் காலை ஷிப்டுக்கு வருகிறவன் வாயைத் திறந்தால் ஆவி வரும். கேட்டில் வாட்ச்மேன்கள் தகர டின்னில் எண்ணெய்த் துணியைப் போட்டு எரித்துக் குளிர் காய்வார்கள். டிஸ்பென்சரித் தரையில் கால் வைக்க முடியாது. அந்தக் குளிரில் எந்தக் கொசு உயிரோடு இருக்கும்?

போர்டை எழுதியது சேவியர். வண்டி பாடிக்குப் போடுகிற தகடு, வண்டிக்கு அடிக்கிற பெயின்ட். வெள்ளையில் நீல எழுத்து, எல்லாம் மராட்டி. எழுதி முடித்து, வண்டியோடு வண்டியாக அதையும் பெயின்ட் இறுகுவதற்கான ஓவனில் விட்டுச் சுட்டெடுத்தார். வலது ஓரத்தில், கீழே, சின்னதாக, தமிழில் என் பேரையும் எழுதியிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“எதுக்குங்க இது? நாலு பேரு பாத்தா சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிக்கட்டும். நம்ம எழுத்து இங்க யாருக்குத் தெரியும்? நூறு வருசத்துக்கு அழியாதுட்டி, பாத்துக்க.”

நான்கு மூலையிலும் ஸ்க்ரூ போட்டு டிஸ்பென்சரிச் சுவரில் மாட்டினார்கள். மேனேஜ்மென்டுக்குப் பரம திருப்தி. ஏன் திருப்தி என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. வருடத்தில் ஆறு மாதம் காய்ச்சலுக்கு லீவு கிடையாது என்று ஒரு நர்ஸே எழுதிக் கொடுத்துவிட்டாளே! கொசுவுக்குப் புகையடிக்கிற கான்ட்ராக்டும் நவம்பர் முப்பதோடு முடியும் என்று ஆனது. என் போர்டு ஒரு சட்டமாகிவிட்டது.

இரண்டாயிரத்து ஒன்றிலோ இரண்டிலோ கேட்டில் நெருப்பு மூட்டுவது நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, தேவைப்படவில்லை, அவ்வளவுதான். தீபாவளி கழிந்தும் மழை கொட்டியது. கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்குகிற வீட்டில் ஃபேன் ஓடியது. கேன்டீன் வாசலில் கூலர் தட்டில் தேங்கின தண்ணீரில் ஒருநாள் குச்சி குச்சியாகக் கொசுப்புழு நெளிந்ததை நானே பார்த்தேன். அன்றைக்கு டிசம்பர் பதினெட்டு. ரிஜிஸ்டரைப் புரட்டினால் டிசம்பரில் இரண்டு காய்ச்சல், அடுத்த வருடம் ஐந்து, அதற்கடுத்து ஒன்பது. உலகம் சூடாகிறது என்று இங்கிலீஷ் பேப்பரில் பனிக்கரடி படம் போடுகிறான். ஆகுர்டி சூடாகிறது என்று சொல்வதற்கு ஒரு நாதியில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி எங்கள் கேட்டிலிருந்து புகை விட்டுக்கொண்டு வெளியே போகிறது, அதைப் பற்றிப் பேசவும் யாருமில்லை.

நான் பேசினேன். இரண்டாயிரத்து மூன்றில் ஒரு கடிதம். நான்கில் ஒன்று. ஐந்தில் ஒன்று. ஆறு நவம்பரில் ஒன்று. போர்டை மாற்ற வேண்டும், டிசம்பரிலும் ரத்தம் எடுக்க வேண்டும் என்று ரிஜிஸ்டர் கணக்கோடு எழுதினேன். நான்கும் எங்கள் மெடிக்கல் ஆபீசர் டாக்டர் பட்டாபிராமனுக்கு. விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்றவர், லோஹேகாவ் பக்கம் வீடு. அதிர்ந்து பேசமாட்டார். நான்கு கடிதத்திலும் ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதி, தேதி போட்டு, ஃபைலில் வைத்தார். ஒரே ஒருமுறை வாயைத் திறந்து பதில் சொன்னார்.

“ஒரு வருஷம் குளிர் கம்மியா இருந்தா உடனே ரூலை மாத்திட முடியுமா சிஸ்டர்? மேலே கேப்பா. லீவு, லேப், ஃபாகிங், எல்லாம் இருக்கோல்லியோ?”

ஒரு வருடமாம். நான்கு வருடமாக ஒரு வருடம்!

இரண்டாயிரத்து ஏழு ஜனவரி. அந்த வாரம் சேவியருக்கு செகண்ட் ஷிப்ட். நான் காலையில் கிளம்பும்போது அவர் போர்த்திக்கொண்டு தூங்குவார். நான் வருவதற்குள் அவர் போயிருப்பார். ராத்திரி அவர் வரும்போது எனக்கு முதல் தூக்கம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான்கு நாள் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்க்கவில்லை. இது எங்களுக்குப் புதிதில்லை, இத்தனை வருடமாக இப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை, சங்கராந்தி அன்று, மாதா கோயில் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். வாஷ்பேசினில் தண்ணீர் ரோஸ் நிறத்தில் ஓடுவதைப் பார்த்தேன்.

“என்னங்க இது?”

“பிரஷ்ஷு புதுசுல்லா, குத்திட்டு.”

கையைப் பிடித்துப் பார்த்தேன். கொதித்தது.

“எத்தன நாளாக் காய்ச்சல்?”

“மூணு நாலு நாளா இருக்கு. சொன்னா நீ கெடந்து குதிப்பே, வேலைக்கு விடமாட்டே. டிஸ்பென்சரில ஊசி போட்டுட்டுதான் போறேன்.”

“என்ன ஊசி?”

“வலி ஊசிதான். மூணு நாளும் போட்டேன், பாமாதான் போட்டா.” என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “என்னட்டி முழிக்கே? இது ஜனவரில்லா. உன் போர்டுலதான அப்படிப் போட்டிருக்கு.”

சிரித்த பல்லிடுக்கெல்லாம் சிவப்பு. பேன்ட்டை முழங்கால் வரை ஏற்றிப் பார்த்தேன். இரண்டு காலிலும் குண்டூசியால் குத்திய மாதிரி சிவப்புப் புள்ளி. ஆட்டோவில் அவரை ஏற்றியதும், ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியதும் ஞாபகத்தில் இருக்கிறது. நடுவில் அவர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார், அது ஒன்றும் காதில் ஏறவில்லை.

பிளேட்லெட் பதினாறாயிரம். சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். வார்டில் இருந்த சின்ன வயசு டாக்டர், வலிக்கு ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று ஹிந்தியில் கேட்டார். மூன்று ஊசி என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்களே நர்ஸ் என்கிறீர்கள். டெங்குவில் யாராவது அந்த ஊசி போடுவார்களா?”

இரண்டு நாள் தாண்டினால்தான் சொல்ல முடியும், வயிற்றுக்குள் கசிய ஆரம்பித்தால் கஷ்டம், ரத்தத்துக்கு ஆள் பாருங்கள் என்றார். ஞாயிறிலும் ஓவர்டைம் ஓடிய பெயின்ட் ஷாப்புக்குப் போன் செய்தேன். அவரோடு வேலை பார்க்கிற ஜெயந்த் முதல் ஆளாக வந்தான், அவன் பின்னால் பதினொரு பேர். பாதி பேர் பெயின்ட் படிந்த யூனிபார்மைக்கூட மாற்றவில்லை.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு, பாமா ஷிப்டுக்கு வருகிற நேரம் பார்த்து டிஸ்பென்சரிக்குப் போனேன். மதிய ஷிப்ட் நர்ஸ் பாமா பூனாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், என்னிடம்தான் வேலை கற்றாள். அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிற வெறியில்தான் போனேன்.

“மூணு நாளு! மூணு நாளு காய்ச்சலோட வந்த மனுசனுக்கு ஊசிய ஏத்தியிருக்கியே, உனக்குக் கண்ணு எங்கட்டி போச்சு? ஒரு சொட்டு ரத்தம் எடுக்கத் தோணலியா?”

“காய் கரூ அக்கா, நான் என்ன செய்றது? போர்டுல அப்படித்தானே இருக்கு. போர்டு பாத்துதான் செய்யணும், உன் புத்தி யூஸ் பண்ணாதேன்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க?”

சொன்னேன். முதல் நாளே சொன்னேன். அனுபவமில்லாத பெண், தப்பு செய்துவிடக் கூடாதே என்று சொன்னேன்.

நிமிர்ந்து போர்டைப் பார்த்தேன். பத்து வருடம் ஆகியும் வெள்ளை மங்கவில்லை, நீலம் வெளுக்கவில்லை. அப்படி ஒரு பளபளப்பு. அதற்குக் கீழே பெஞ்சில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் மூன்று பேர் காய்ச்சல்காரர்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது. ஊசிக்குக் காத்திருந்தார்கள்.

அலமாரியிலிருந்து ஸ்பிரிட்டை எடுத்துப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். ஓர் எழுத்து அசையவில்லை. என் முதுகுக்குப் பின்னால் ஜெயந்த்தின் குரல் கேட்டது. முதல் நாள் ரத்தம் கொடுத்துவிட்டு அன்றைக்கு ஷிப்டுக்கு வந்திருந்தான்.

“சிஸ்டர், அது தின்னர் போட்டாக்கூடப் போகாது. சேவியர் அண்ணா சுட்ட பெயின்ட்.”

“ஸ்க்ரூ டிரைவர் வச்சிருக்கியா?”

எடுத்துக் கொடுத்தான். ஸ்டூலில் ஏறி நான்கு ஸ்க்ரூவையும் நானே கழற்றினேன். முழுசாக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. நான்கு வருடம், நான்கு கடிதம் எழுதினேன். அனுமதி வரட்டும் என்று கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தினமும் என் தலைக்கு மேலே தொங்கிய இந்த நான்கு ஸ்க்ரூவைக் கழற்ற எனக்குத் தோன்றவில்லை. கம்பெனியைத் திட்டுகிற வாயால் என்னையும் திட்டிக்கொள்ள வேண்டும். திட்டிக்கொண்டேன், சத்தமாகவே.

போர்டைத் தூக்கிக்கொண்டு பட்டாபிராமன் அறைக்குள் போய் அவர் மேஜைமேல் போட்டேன். பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது. அவர் கோபப்படவில்லை.

“உக்காருங்கோ சிஸ்டர். உங்க ஆத்துக்காரர் எப்படி இருக்கார்?”

“இன்னிக்குக் காலையில பன்னெண்டாயிரம் சார். எறங்கிக்கிட்டே இருக்கு.”

“கேள்விப்பட்டேன், ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா இந்த சமயத்துல யாரையும் குத்தம் சொல்லிண்டு இருக்கப்படாது. பாமா சின்னப் பொண்ணு. போர்டுல இருக்கறதைத்தான் பண்ணியிருக்கா.”

“இந்தப் போர்டு தப்புன்னு உங்களுக்கு நாலு லெட்டர் எழுதினேன்.”

“எழுதினேள். நான் இல்லேங்கலை.” மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். விரலை போர்டின் வலது மூலையில் வைத்தார். “ஆனா கீழே யார் பேர் போட்டிருக்குன்னு நீங்களே படிச்சுப் பாருங்கோ.”

அந்தக் கம்பெனியில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த அதிகாரி அவர் ஒருத்தர்தான். பத்து வருடமாகப் படித்துவைத்திருந்திருக்கிறார், இந்த ஒரு நாளுக்காக. என் புருஷன் ஆசையாக எழுதிய பேர்.

நான் அடங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பார். மேஜையில் இருந்த டப்பாவைத் திறந்து நீட்டினார். எள்ளும் வெல்லமும் பிடித்த உருண்டை. சங்கராந்திக்கு இங்கே வீட்டுக்கு வீடு, ஆபீசுக்கு ஆபீஸ் இதைக் கொடுத்து, இனிமேல் இனிமையாகப் பேசு என்று சொல்வார்கள்.

“தில்குள் எடுத்துக்கோங்கோ. கோபத்தை விடுங்கோ. எல்லாம் நல்லபடியா ஆகும். நாமளும் கொஞ்சம் இனிமையாப் பேசுவோமே.”

“இனிமையாப் பேசுற வாயிலதான் சார் இப்ப ரத்தம் வடியுது!”

நான் போட்ட சத்தத்தில் வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தமிழ் புரியாது. நான் ஹிந்திக்கு மாறினேன். டிசம்பர் முதல் தேதியிலிருந்து இங்கே காய்ச்சலுக்கு வலி ஊசி போட்டது நாற்பத்தொரு பேருக்கு, அதில் ஒருத்தன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், மிச்சம் நாற்பது பேர் எங்கே என்று இவரைக் கேளுங்கள் என்றேன். அவருக்கு முதல்முறையாக முகம் கறுத்தது. மேலே கேட்காமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார். கேளுங்கள், அதுவரைக்கும் நான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வலி ஊசி மருந்து அத்தனையையும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பெஞ்சில் இருந்த மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தேன். பாமா அழுதுகொண்டே டெஸ்ட் ட்யூபில் பேர் எழுதினாள்.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. கம்பெனிச் சொத்தைச் சேதப்படுத்தியது, மருந்தைப் பூட்டிவைத்தது, மேலதிகாரியிடம் உரத்த குரலில் பேசியது. உரத்த குரலுக்குக்கூட ஒரு மெமோ இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். நல்லதாகப் போயிற்று. அந்த ஒரு வாரமும் நான் ஆஸ்பத்திரியில்தானே இருந்தாக வேண்டும்.

புதன்கிழமை ஒன்பதாயிரம். அன்றைக்கு அவருக்கு மூக்கிலும் ரத்தம் வந்தது. என்னை அடையாளம் தெரியாமல், செத்துப்போன அவர் அக்காவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொல்லப் பார்த்தேன். ஜெபம் வரவில்லை. மாதாவிடமும் சண்டைதான் போட்டேன். இவரைக் கொண்டுபோனால் நான் உன் கோயில் படி மிதிக்க மாட்டேன் என்று சொன்னேன். வியாழக்கிழமை சாயங்காலம் பதினாலாயிரம். வெள்ளிக்கிழமை முப்பத்தோராயிரம். டாக்டர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அப்போதுதான் உட்கார்ந்து அழுதேன்.

பெயின்ட் ஷாப்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ரத்தம் எடுக்காமல் ஒருத்தன்கூட ஊசிக்குக் கை நீட்டக் கூடாது என்று ஜெயந்த் ஒவ்வொரு ஷாப்பாகப் போய்ச் சொல்லியிருக்கிறான். எடுத்த ரத்தத்தில் ஆறு பேருக்கு டெங்கு. ஆறும் ஜனவரியில்! இனி மேனேஜ்மென்ட் மறைக்க முடியாது. மீட்டிங் போட்டார்கள். பனிக்கரடி படம் போட்டுக்கூட ஒருத்தர் பேசினாராம். கடைசியில் ஒரு சர்க்குலர் வந்தது. அதை பாமா ஆஸ்பத்திரிக்கே எடுத்துவந்து காட்டினாள். ‘மாறிவரும் பருவநிலையைக் கருத்தில்கொண்டு, காய்ச்சல் பருவம் இனி ஜூன் முதல் ஜனவரி முப்பத்தொன்று வரை என்று நிர்ணயிக்கப்படுகிறது.’

நிர்ணயிக்கிறார்களாம்! கொசு வந்து இவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும் போலிருக்கிறது. ஒரு மனுஷன் செத்துப் பிழைத்ததில் இவர்கள் கற்றுக்கொண்டது, தேதியை இரண்டு மாதம் தள்ளிப்போடுவது. அடுத்தது பிப்ரவரியில் ஒருத்தன் விழுந்தால் பிப்ரவரி இருபத்தெட்டு என்பார்கள்.

பிப்ரவரி கடைசியில் சேவியர் வேலைக்குத் திரும்பினார். தலைமுடி பாதி கொட்டிப்போயிருந்தது. மாடி ஏறினால் முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் திரும்பிய அன்றைக்கே, புதுப் போர்டு எழுதித் தரச்சொல்லி டாக்டர் பட்டாபிராமன் பேப்பரை அனுப்பினார். ஜூன் முதல் ஜனவரி முப்பத்தொன்று வரை இப்படி, பிப்ரவரி முதல் மே வரை அப்படி. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். பேப்பரை எடுத்துக்கொண்டு பெயின்ட் ஷாப்புக்குப் போனேன். சேவியர் புதுத் தகட்டுக்கு வெள்ளை அடித்துக் காயவைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

அவர் பேனாவை வாங்கி, மாதம் என்று எங்கெல்லாம் இருந்ததோ எல்லாவற்றையும் அடித்தேன். ‘காய்ச்சல் என்றால் முதலில் ரத்தம். ரிசல்ட் வருகிற வரைக்கும் வலி ஊசி கிடையாது.’ இவ்வளவுதான் மிஞ்சியது.

“மேல ஒத்துக்கிடுவாங்களாட்டி?”

“ஒத்துக்கிடாட்டி இன்னொரு மெமோ குடுக்கட்டும். நீங்க எழுதுங்க.”

எழுதினார். எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை. வலது ஓரத்துக்கு வந்ததும் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். போடுங்கள் என்றேன். போன தடவையைவிடப் பெரிதாக எழுதினார். பின்னால் ஓவன் கதவு திறந்து, சுட்ட வண்டி பாடி ஒன்று சூட்டோடு வெளியே வந்தது. ஜெயந்த் இரண்டு கையாலும் போர்டைத் தூக்கினான்.

“உள்ள விடச் சொல்லட்டா?” என்று கேட்டார் சேவியர்.

“வேண்டாம். ஒண்ணச் சுட்டு வச்சிட்டு நாம பட்டது போதும். இது அழியுற மாதிரியே இருக்கட்டும்.”